பதினொரு நிமிடச் சூடு

அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த காப்பியை நறுமுகை டம்ளரில் ஊற்றி நீட்டினாள். கஜேந்திரன் வாங்கி, ஊதக்கூட இல்லாமல், மூன்று மடக்கில் குடித்து முடித்தார். நாக்கு வெந்துபோகவில்லை. செவ்வாய்க் கிரகத்தின் வடபள்ளம் குடியிருப்பில் நாலாயிரத்துச் சொச்சம் பேரும் தினமும் காலையில் இப்படித்தான் குடித்தார்கள்.

"சூடு பத்தல," என்றார் டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டே.

"கொதிச்சதை அப்படியேதான் தர்றேன். இதுக்கு மேல வேணும்னா உங்களை அடுப்புல உக்கார வெச்சுத்தான் குடுக்கணும்."

"உன்னைச் சொல்லல முகை. தண்ணியைச் சொல்றேன்."

இருபத்திரண்டு வருடங்களாக இதே பேச்சு. அவர் தண்ணீரைத்தான் சொல்கிறார் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் காப்பி போடுகிறவள் அவள். தண்ணீரைப் பற்றிய புகார் அவளைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகவேண்டியிருந்தது.

கஜேந்திரன் சொன்னதிலும் தவறில்லை. வடபள்ளம் ஒரு பெரிய பள்ளத்தின் மேல் கவிழ்த்த கண்ணாடிக் கூடாரம். உள்ளே பூமியின் அளவுக்குக் காற்றை அடைத்தால் கூரை தாங்காது என்பதால், அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, ஆக்சிஜனை மட்டும் கூட்டி வைத்திருந்தார்கள். மூச்சுக்கு அது போதும். தண்ணீருக்குப் போதவில்லை. மேலே அழுத்திப் பிடிக்கக் காற்று குறைவாக இருந்தால் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகக் கிளம்பிவிடும். பூமியில் நூறு டிகிரி செல்சியசில் கொதிக்கிற தண்ணீர் இங்கே எழுபத்தொன்றிலேயே கொதித்தது. அதற்குப் பிறகு எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் அதிகமாகுமே தவிர, சூடு ஒரு டிகிரிகூட ஏறாது.

முதலில் வந்து குடியேறியவர்கள் ஆட்சிமன்றத்தில் புகார் கொடுத்தார்கள். சோறு வேகவில்லை, பருப்பு குழையவில்லை, இங்கே தண்ணீர் எழுபத்தொன்றைத் தாண்ட மாட்டேன் என்கிறது என்றார்கள். மன்றம் நிபுணர் குழு அமைத்தது. கூரையைப் பலப்படுத்த முப்பது வருடம் ஆகும் என்று குழு சொன்னது. அப்போது ஓர் உறுப்பினருக்கு யோசனை வந்தது. பனி உருகுவது பூஜ்யம், கூடாரத்தில் தண்ணீர் கொதிப்பது நூறு என்று புதிதாக ஓர் அளவை வைத்துக்கொண்டால் என்ன? அன்று மாலையே அது சட்டமானது. அதற்குச் செவ்வளவு என்று பெயர். மறுநாளிலிருந்து வடபள்ளத்தில் தண்ணீர் நூறில் கொதித்தது. புகாரும் நின்றுபோனது. பருப்பு மட்டும் முன்பு போலவே இருந்தது.

கஜேந்திரனுக்கு வேலை கொடுத்ததும் அந்தச் சட்டம்தான். பூமியிலிருந்து வரும் மருந்துக் குறிப்பு, இயந்திரக் கையேடு, சமையல் குறிப்பு எல்லாவற்றிலும் உள்ள வெப்ப எண்களைச் செவ்வளவுக்கு மாற்றித் தரும் 'அளவு மாற்றகத்தில்' அவர் எழுத்தர். செல்சியஸ் என்றால் எளிது, நூறால் பெருக்கி எழுபத்தொன்றால் வகுத்தால் போதும். பாரன்ஹீட் என்றால் முதலில் முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்துச் செல்சியசுக்குக் கொண்டுவந்து, பிறகு இதைச் செய்யவேண்டும். பூமிக்காரர்கள் வெயிலை ஓர் அளவிலும் ஜுரத்தை இன்னோர் அளவிலும் சொல்கிறவர்கள். ஒருமுறை குழந்தைக்கு ஜுரம் நூற்றொன்று என்ற பாரன்ஹீட் குறிப்பு மாற்றப்படாமல் மருத்துவமனைக்குப் போய்விட்டது. அங்கிருந்த பணிப்பொறி அதைச் செவ்வளவு என்று படித்து, 'குழந்தை கொதித்துக்கொண்டிருக்கிறது, அடுப்பை அணைக்கவும்' என்று எழுதிக் கொடுத்தது. சரியான எண் ஐம்பத்துநாலு.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஒருநாள் ஒரு விண்ணப்பத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். நறுமுகை எடுத்துப் படித்தாள். 'திரும்பும் உரிமை' என்று தலைப்பு. பூமியில் பிறந்தவர்கள் இருபத்தைந்து வருடம் பணி செய்திருந்தால் ஒருமுறை பூமிக்குத் திரும்பலாம். ஐம்பத்தேழு வயதுக்குள் போகவேண்டும், பிறகு இதயம் தாங்காது. போனால் மறுபடி வரமுடியாது. கஜேந்திரனுக்கு ஐம்பத்தாறு நடந்தது. கப்பல் ஏழு மாதத்தில் வருகிறது.

நறுமுகை செவ்வாயில் பிறந்தவள். இந்த லேசான எடையில் வளர்ந்த எலும்பு பூமியில் ஒரு வாரம்கூட நிற்காது. அவள் போக வழியில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டாள். "இது என்னங்க?"

"சும்மா போட்டு வைக்கலாம்னு. வயசு போயிட்டா அப்புறம் கேட்டாலும் கிடைக்காது."

"அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

"யாரும் இல்ல." அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தார். ஒரு செருப்புக்கு இவ்வளவு நேரம் ஆகாது. "ஒரே ஒரு தடவை நல்ல சூடா ஒரு காப்பி குடிக்கணும் முகை. சிரிக்காத."

அவள் சிரிக்கவில்லை. போகாதீர்கள் என்று சொல்லவும் இல்லை. வேறொரு பெண்ணாக இருந்தால் சண்டை போடலாம், ஊராக இருந்தால் இந்த ஊர் உசத்தி என்று வாதாடலாம். ஒரு டம்ளர் சூட்டோடு என்னவென்று போட்டி போடுவது? பனியுருக்கு நிலையத்தில் முப்பது வருடமாகத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் ஏற்றுவாள், இறக்குவாள். திறந்த டம்ளரில் அதை நூறுக்கு மேல் கொண்டுபோக அவளாலும் முடியாது.

பயணம் போகிறவர்களை இரண்டு கட்டமாகப் பழக்குவார்கள். முதல் கட்டம் காற்று, இரண்டாவது கட்டம் எடை. இரண்டாவதற்குக் கையெழுத்துப் போட்டால் பின்வாங்க முடியாது, வீடும் குடும்ப உரிமையும் அன்றோடு முடிந்துவிடும். முதல் கட்டத்தில் மாதம் ஒருமுறை 'புவியறை'யில் உட்காரவேண்டும். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தை ஏற்றிப் பூமியின் காற்று போல ஆக்குவார்கள். காற்றுதானே, அதனால் துணைக்கு ஒருவர் கூடப் போகலாம்.

பயண அதிகாரி தாவூத் கதவைச் சாத்துமுன் சொன்னார். "காது அடைக்கும். எச்சில் முழுங்கிக்கிட்டே இருங்க. நாற்பது நிமிஷம் ஆகும். உள்ள கெண்டி இருக்கு, காப்பி வில்லை இருக்கு. வர்றவங்க எல்லாரும் மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க."

உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேசை, மூலையில் அசையாமல் நிற்கும் ஒரு பணிப்பொறி. அறையில் எது எத்தனை சூட்டில் எத்தனை நேரம் இருந்தது என்று பூமி மருத்துவர்களுக்காகச் செல்சியசில் எழுதிக்கொண்டிருப்பது அதன் வேலை. காது அடைத்துத் திறந்து, அடைத்துத் திறந்து, கடைசியில் சுவரில் பச்சை விளக்கு எரிந்தது. கஜேந்திரன் கெண்டியைப் போட்டார்.

நறுமுகை வழக்கம்போல் சட்டைப்பையில் இருந்த சூட்டுமுள்ளை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். நிலையத்தில் எல்லோரும் வைத்திருக்கும் பேனா அளவுக் கருவி அது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. நூற்றொன்று. அவள் கெண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் சும்மா கிடந்தது. நூற்றுப் பத்து. நூற்று இருபது. அடியில் சில குமிழிகள் மட்டும்.

"ஏங்க, இது கொதிக்கலங்க."

"கொதிக்கும் இரு."

"நூத்து முப்பது ஆயிடுச்சு." அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பழகிய தண்ணீர் திடீரென்று அவளை அடையாளம் தெரியாததுபோல் நடந்துகொண்டது. நூற்று நாற்பத்தொன்றில்தான் அது கொதித்தது. அந்தக் கொதிப்பின் சத்தமே கனமாக இருந்தது.

கஜேந்திரன் வில்லையைக் கரைத்து இரண்டு டம்ளரில் ஊற்றினார். எத்தனை சூடு என்று நறுமுகைக்கு நன்றாகத் தெரியும், அளந்தவளே அவள்தான். ஆனாலும் காப்பியைக் கண்டதும் கை பழக்கப்படி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது. அடுத்த நொடி டம்ளர் மேசையில், அவள் நாக்கு வெளியில்.

"அய்யய்யோ, அப்படியே குடிப்பாங்களா? குடு, நான் ஆத்தித் தர்றேன்."

"ஆத்தறதுன்னா?"

அவர் எழுந்து நின்றார். ஒரு டம்ளரைத் தலைக்கு மேல் தூக்கி, கீழே பிடித்திருந்த ஒரு காலி டம்ளரில் ஊற்றினார். செவ்வாயின் எடையில் காப்பி அவசரப்படாமல் நீளமான கயிறாக இறங்கியது. மறுபடி தூக்கினார், மறுபடி ஊற்றினார். நுரை எழும்பியது. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதருக்கு இப்படி ஒன்று தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

"பெரம்பூர்ல நான் வேலை பார்த்த பட்டறையில லூர்துசாமின்னு ஒருத்தர்," என்றார் ஊற்றிக்கொண்டே. "அவர் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. தினம் காப்பி வந்ததும் அந்தக் கதையை ஆரம்பிப்பார். குடிக்கிற பதம் வந்ததும் பாதியில விட்டுட்டு எழுந்து போயிடுவார். மிச்சம் மறுநாள். ரெண்டு வருஷம் ஓடிச்சு அந்தக் கதை."

"திரும்பி வந்தாளா?"

"யாருக்குத் தெரியும். அதுக்குள்ள எனக்கு இங்க வேலை கிடைச்சுடுச்சு."

அவள் சிரித்தாள். வெந்த நாக்கு எரிந்தது. பிறகு அவளும் ஒன்று சொன்னாள். தரைக்குக் கீழிருந்து வெட்டி எடுத்து வரும் பெரிய பனிப்பாளங்கள் உருகத் தொடங்கும்போது உள்ளே விரிசல் விட்டு முனகும், யாரும் இல்லாதபோது அதில் காதை வைத்துக் கேட்பாள் என்று.

"இத்தனை வருஷத்துல இதைச் சொல்லவே இல்லையே."

"நீங்க எங்க, டம்ளரை வெச்சதும் கிளம்பிடுவீங்க."

அவர் மறுபடி டம்ளரைத் தூக்கி ஊற்றினார். "அங்க போனதும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"காப்பி குடிப்பேன்."

"அப்புறம்?"

அவர் டம்ளரை அவளிடம் கொடுத்து, தன்னுடையதை எடுத்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "இதான் முகை. இதான் சூடு."

அவர் கண்ணை மூடியிருந்தபோது நறுமுகை சூட்டுமுள்ளை அவருடைய டம்ளரில் விட்டு எடுத்தாள். எண்பத்தேழு. வீட்டில் தினமும் அவள் கொடுக்கிற காப்பி அவர் கைக்குப் போகும்போது தொண்ணூற்றிரண்டு. அவளுக்கு அது மனப்பாடம்.

"எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமலே.

உண்மையைச் சொன்னால் அவர் பூமிக்குப் போகக் காரணமே இல்லாமல் போகும். அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் கல்யாணமான புதிதில் பார்த்தது.

"நூத்திப் பத்து," என்றாள்.

ஒன்பது நாள் கழித்து, மாற்றகத்திலிருந்து வந்த கஜேந்திரன் ஒரு தாளை மேசையில் வைத்தார். புவியறைப் பணிப்பொறி எழுதிய குறிப்பு. செல்சியசில் எழுதப்பட்ட எதுவும் அவர் மேசைக்கு வந்துதானே ஆகவேண்டும். அவர் குடித்த காப்பியை அவரே மாற்றி எழுதியிருந்தார். அறுபத்திரண்டு செல்சியஸ், செவ்வளவில் எண்பத்தேழு.

"நூத்திப் பத்துன்னு சொன்ன."

"சொன்னேன்."

"எதுக்கு?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க. கெடுக்க மனசு வரல."

அவர் உட்கார்ந்தார். "வீட்ல நீ குடுக்கறது எவ்வளவு?"

"தொண்ணூத்திரண்டு."

"தினமுமா?"

"தினமும்."

கஜேந்திரன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலமெல்லாம் எண்களை மாற்றிய மனிதர், தண்ணீர் எத்தனையில் கொதிக்கிறது என்று கணக்குப் போட்டாரே தவிர, வாய் எத்தனையில் குடிக்கிறது என்று ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. பூமியில் நூறு வரை கொதிக்கவிட்டு, பிறகு ஊதி, ஆற்றி, செவ்வாயின் கொதிப்புக்கும் கீழே கொண்டுவந்துதான் அவரும் குடித்திருந்தார்.

"அப்ப நான் எதுக்குத்தான் ஏங்கிட்டிருந்தேன்?" என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

நறுமுகை தாளைத் தன் பக்கம் திருப்பினாள். சூட்டு எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. காப்பி ஊற்றியது பத்து பதினாலு. குடிக்கத் தொடங்கியது பத்து இருபத்தைந்து. அவள் அதில் விரலை வைத்தாள். மாற்றத் தேவையில்லாத எண் என்பதால் அவர் அதைப் படிக்காமலே விட்டிருந்தார்.

மறுநாள் காலை வீட்டிலேயே முயன்று பார்த்தார்கள். டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குடிக்கிற பதத்தில் இருக்கும் காப்பியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. மெல்லிய காற்றில் ஆவி சூட்டை இழுத்துக்கொண்டு ஓடிவிட, நாலு நிமிடத்தில் காப்பி கழுவுநீர் மாதிரி ஆனது. பேச்சும் வரவில்லை.

ஆகவே அடுத்த மாதமும் புவியறைக்குப் போனார்கள். அதற்கடுத்த மாதமும் போனார்கள். ஒவ்வொரு முறையும் தாவூத் கேட்டார். "என்ன சார், இரண்டாவது கட்டத்துக்குப் போயிடலாமா?"

"காது இன்னும் சரியாகல சார்."

"உங்க காதை ஒரு தடவை நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க."

உள்ளே பதினொரு நிமிடத்துக்குத் தேவையான பேச்சை நறுமுகை மாதம் முழுவதும் சேர்த்து வைத்தாள். சில முறை, ஆற நேரமாகட்டும் என்று, கொதி அடங்குமுன்பே ஊற்றச் சொன்னாள். ஆனால் அந்த விண்ணப்பத்தை அவர் திரும்ப வாங்கவில்லை, வாங்குங்கள் என்று அவளும் கேட்கவில்லை. வாங்கினால் புவியறைக்குள் விடமாட்டார்கள். கப்பல் நெருங்க நெருங்க, அவர் காது அடைப்பது நிஜமா பொய்யா என்று அவளுக்கே சந்தேகம் வரத் தொடங்கியது. ஒருவேளை அவர் உண்மையிலேயே போவதற்குத்தான் பழகுகிறாரோ?

விஷயம் எப்படியோ வெளியில் பரவியது. மாற்றகத்து எழுத்தர் ஒருவரும் அவர் மனைவியும் விண்ணப்பம் போட்டார்கள். பிறகு நிலையத்திலிருந்து ஏழு பேர். ஆறாவது மாதத்தில் திரும்பும் உரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் காதில் கோளாறு. செவ்வாய் மக்களிடையே தாய்க்கிரகப் பற்று பொங்கி எழுந்திருப்பதாக ஆட்சிமன்றம் பூமிக்கு நெகிழ்ச்சியோடு அறிக்கை அனுப்பியது. கூடவே ஒரு சிக்கலையும் எழுதியது. புவியறையில் ஒவ்வொரு ஜோடியும் காப்பி ஆற்றுவதிலேயே பதினொரு நிமிடம் எடுத்துக்கொள்வதால் வரிசை நகரவில்லை.

பூமி உடனே உதவிக்கு வந்தது. ஒரு கருவியின் வரைபடத்தை அனுப்பி, அங்கேயே செய்துகொள்ளச் சொன்னது.

கப்பல் இறங்கிய மறுநாள் கஜேந்திரனுக்குக் கடைசி முறை. இன்று கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். நறுமுகை வழியில் ஒன்றும் பேசவில்லை. எல்லாப் பேச்சையும் உள்ளே போய்ப் பேசலாம் என்று வைத்திருந்தாள். போகாதீர்கள் என்ற ஒன்றும் அதில் இருந்தது.

இந்தத் தடவை தாவூதும் அவர்களோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். மேசையில் புதிதாகப் பளபளவென்று ஒரு கருவி நின்றது. நாற்பது நிமிடம் கழித்துப் பச்சை விளக்கு எரிந்ததும் அவரே கெண்டியைப் போட்டு, கொதித்த காப்பியைக் கருவியின் வாயில் ஊற்றினார். உள்ளே ஏதோ உறிஞ்சியது. அந்த நாலு விநாடியும் அவர் மணிக்கட்டுத் திரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபத்திரண்டு டிகிரி. ஊதவும் வேணாம், ஆத்தவும் வேணாம்," என்று இரண்டு டம்ளரை நீட்டினார். "பூமியில இப்ப எல்லா வீட்லயும் இதுதான். அங்க யாருக்கு சார் காப்பியை வெச்சுக்கிட்டு உக்கார நேரம் இருக்கு? ஊத்தினோமா, குடிச்சோமா, போனோமான்னு இருக்கணும். நீங்க போய்ப் பாருங்க, எல்லாமே இப்படித்தான் பறக்குது." கையெழுத்துத் தாளை மேசையில் விரித்தார்.

கஜேந்திரன் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். சரியான பதம்.

"எல்லா வீட்லயுமா?" என்று கேட்டார்.

"எல்லா வீட்லயும்."

அவர் பேனாவை எடுத்தார். நறுமுகை சுவரைப் பார்த்துக்கொண்டாள். பேனா எழுதும் சத்தம் அவள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. தாவூத் தாளைத் திருப்பிப் படித்தார், மறுபடி படித்தார். 'பயணம் வேண்டாம்' என்ற கட்டத்தில் கையெழுத்து இருந்தது.

"என்ன சார் இது? ஏழு மாசம் பழகினீங்க. காப்பி பிடிக்கலையா?"

"நல்லா இருக்கு சார். வீட்ல குடிக்கிற மாதிரியே இருக்கு."

தாவூத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். இவர்களுக்கு இந்த அறையில் இன்னும் நாற்பது நிமிடம்தான். அழுத்தம் இறங்கினால் கதவு திறக்கும், பிறகு இங்கே வரும் உரிமை இல்லை. அவர் சுவரில் இருந்த பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"சார்," என்று நறுமுகை எழுந்தாள். தன் டம்ளரையும் கணவரின் டம்ளரையும் கெண்டியில் கவிழ்த்தாள். "அதை இறக்கறதுக்கு முன்னாடி, இதை மறுபடி ஒரு தடவை கொதிக்க வெச்சுக்கறோம்."